கரையோரக் கேள்வி பதில்: இரவல் சின்னத்தில் ஐந்து வருடம்

போன இதழில் ஒரு வாசகர், "ஒரே ஒரு தடவை எம்எல்ஏ ஆனவர்களை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா?" என்று கேட்டிருந்தார். "திருவாடானைக்காரர்களைக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொண்டேன். தப்பிக்க விடவில்லை. இந்த முறை வந்த தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருவாடானை என்று சொல்லிவிட்டு நழுவினால் எப்படி? நடிகர் கருணாஸ் எங்கள் தொகுதிக்கு எப்படி வந்தார், எப்படிப் போனார், முழுசாகச் சொல்லுங்கள்.
*- தொண்டியிலிருந்து ஒரு வாசகர்*

சொல்கிறேன். ஆனால் அவரிடமிருந்து ஆரம்பித்தால் கதை புரியாது, அவருக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை ஒரு காலத்தில் கிட்டத்தட்ட ஒரு வீட்டுத் தொகுதி. கரிய மாணிக்கம் அம்பலம், அவருக்குப் பிறகு மகன் கே.ஆர். ராமசாமி. ராமசாமி 1989ல் ஆரம்பித்து 2006 வரை வரிசையாக ஐந்து தேர்தலில் ஜெயித்தார், நடுவில் காங்கிரஸை விட்டு தமாகாவுக்கு, அதாவது மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸுக்கு, போய்த் திரும்பி வந்தும்கூட. கட்சி மாறினாலும் ஓட்டு மாறவில்லை என்றால் அந்த ஓட்டு யாருக்கு விழுந்தது என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள். 2011ல் திமுகவின் சுப. தங்கவேலன் வந்தார். 2016ல் ராமசாமி காரைக்குடிக்குப் போய் அங்கே ஜெயித்து, சட்டசபையில் காங்கிரஸ் தலைவராக உட்கார்ந்தார். ஆக, பழைய வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த நேரம் அது.

அந்த நேரத்தில் வந்தவர்தான் கருணாஸ். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், பேராவூரணிப் பக்கம். கிராமியப் பாட்டு பாடி, நந்தா படத்தில் லொடுக்குப் பாண்டியாகச் சிரிக்க வைத்து, அப்புறம் கதாநாயகனாகவும் நடித்து, 2015ல் நடிகர் சங்கத் தேர்தலில் நாசர், விஷால், கார்த்தி அணியில் நின்று துணைத் தலைவரானவர். அதோடு முக்குலத்தோர் புலிப்படை என்று ஓர் அமைப்பு. ஜெயலலிதா 2016ல் கூட்டணிக்காரர்களுக்கு மொத்தமே ஏழு இடம்தான் கொடுத்தார், அதையும் இரட்டை இலையில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். 234 தொகுதியிலும் இலை. அந்த ஏழில் கரையேறியவர்கள் மூன்று பேர்: காங்கேயத்தில் தனியரசு, நாகப்பட்டினத்தில் தமிமுன் அன்சாரி, இங்கே கருணாஸ்.

ஜெயித்த முதல் வருடம் முடிவதற்குள் அவர் ஜெயிக்கக் காரணமாக இருந்த தலைவர் இல்லை. 2016 டிசம்பர் 5. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் கணக்கில் இல்லாதது, நம் கணக்கிலும் இல்லாதது.

கூவத்தூரில் அவர் இருந்தாரா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
*- திருப்பாலைக்குடி வாசகர்*

இருந்தார்.

ஒரே வார்த்தை போதாது, நான் கேட்கிறேன்: அன்றைக்கு அவர் எடுத்த முடிவு சரியா?
*- ஆர்.எஸ். மங்கலம் வாசகி*

2017 பிப்ரவரி 7ம் தேதி ராத்திரி முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், சசிகலாவை எதிர்த்து ஜெயலலிதா சமாதியில் உட்கார்ந்தார். அடுத்து சசிகலா பக்கம் நின்ற எம்எல்ஏக்கள் கூவத்தூர் ரிசார்ட். 14ம் தேதி சசிகலாவுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 16ம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வர், 18ம் தேதி சபையில் ஓட்டு. ஆதரவு 122, எதிர்ப்பு 11. கருணாஸின் ஓட்டு அந்த 122ல் ஒன்று.

சரியா தப்பா என்றால், என் அபிப்பிராயம் இது: அந்தப் பதினோரு நாளில் தமிழ்நாட்டில் எந்த எம்எல்ஏவும் தன் தொகுதிக்காரரிடம் கேட்டு ஓட்டுப் போடவில்லை. எதிர்த்தவர்களும்தான். ஆனால் ஒரு வித்தியாசம். மற்றவர்கள் கட்சிக்காரர்கள், கட்சி உடைந்தால் ஏதாவது ஒரு பக்கம் விழுந்துதான் ஆக வேண்டும். இவர் தனி அமைப்பு வைத்திருந்தவர். ஒரு நடை தொண்டிக்கு வந்து கடைத்தெருவில் நின்று, "என்ன செய்யட்டும்" என்று கேட்டிருந்தால், என்ன முடிவு எடுத்திருந்தாலும் அடுத்த தேர்தலில் அவர் பெயரைச் சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள்.

அண்ணே, இலைச் சின்னத்தில் நின்றால் அவர் அதிமுகவா, புலிப்படையா? எங்கள் டீக்கடையில் இதற்காக அடிதடியே நடந்தது.
*- நம்புதாளை வாசகர்*

அடிதடிக்கு அவசியமில்லை தம்பி, சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. வேட்புமனுவோடு கட்சி ஏ படிவம், பி படிவம் என்று கொடுக்கும் இல்லையா, அந்தப் படிவம் கொடுத்த கட்சிதான் அந்த ஆளுடைய கட்சி. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, அப்படித்தான் சொல்கிறது: எந்தக் கட்சி உன்னை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சிக்காரனாகவே நீ கருதப்படுவாய். வெளியே நீ என்ன கொடி பிடித்தாலும் சரி, லெட்டர்பேடில் என்ன அச்சடித்தாலும் சரி, சபைக்குள்ளே நீ அதிமுக. கொறடா சொன்னபடி ஓட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் பதவி போகலாம்.

இதை நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், அடுத்தவர் வல்லத்தை, அதாவது படகை, இரவல் வாங்கிக் கடலுக்குப் போவது மாதிரி. மீன் பிடிக்கலாம், பாடு பார்க்கலாம். எந்தத் திசைக்குப் போவது என்பதை மட்டும் வல்லத்துக்காரர்தான் சொல்வார். வல்லத்துக்காரர் செத்துப்போய், பங்காளிகள் வல்லம் யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பவன் பாடு என்ன ஆகும்? கருணாஸின் மீதி நாலு வருடமும் அதுதான்.

சட்டம் சும்மா ஏட்டில் கிடந்ததும் இல்லை. 2017 செப்டம்பர் 18ம் தேதி தினகரன் பக்கம் நின்ற 18 எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தனபால் ஒரே நாளில் தகுதி நீக்கம் செய்தார். அதில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர், பரமக்குடி முத்தையா. பதினாறு மாதத்தில் பதவி காலி. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25ம் தேதி தகுதி நீக்கம் செல்லும் என்று முடித்தார். பரமக்குடிக்காரர்கள் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வரும்வரை எம்எல்ஏ இல்லாமலே இருந்தார்கள். ரேஷன் கடைக்குக் கட்டடம் கேட்டு யாரிடம் மனு கொடுப்பது என்றுகூடத் தெரியாத ஒன்றரை வருடம். அதைப் பற்றி எந்த டிவியும் விவாதம் வைக்கவில்லை.

ஜெயிலுக்குப் போனது எதற்கு? பேசினதுக்கா, அரசை எதிர்த்ததுக்கா?
*- தேவிபட்டினம் வாசகர்*

வழக்கு, பேசினதுக்கு. காலம், எதிர்த்துக்கொண்டிருந்த காலம்; 2017 பிப்ரவரியில் பழனிசாமிக்கு ஓட்டுப் போட்டவர் அதற்குள் அவரை எதிர்க்க ஆரம்பித்திருந்தார். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2018 செப்டம்பர் 16, சென்னை வள்ளுவர் கோட்டம். புலிப்படைக் கூட்டம். அங்கே முதல்வரையும் ஒரு போலீஸ் அதிகாரியையும் மேடையிலேயே சவால் விடுகிற மாதிரி பேசினார். சாதி சம்பந்தமான பேச்சும் அதில் இருந்தது. ஒரு வாரம் கழித்து 23ம் தேதி விடிகிற நேரத்தில் சாலிகிராமம் வீட்டில் கைது, அப்புறம் வேலூர் சிறை. மாதம் முடிவதற்குள் ஜாமீனில் வந்துவிட்டார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கைதட்டுகிற கூட்டத்துக்கு முன்னால் நின்றால் வாய் கொஞ்சம் நீளும், அது மேடையில் வளர்ந்தவர்களுக்கு உள்ள வியாதி. ஆனால் எம்எல்ஏ பேசினால் சாதிக்கு ஓர் ஆள் பேசினதாக ஆகாது, திருவாடானை பேசினதாக ஆகும். திருவாடானையில் முக்குலத்தோர் மட்டுமா இருக்கிறோம்? தொண்டியிலும் நம்புதாளையிலும் எஸ்.பி. பட்டினத்திலும் இஸ்லாமியர்கள், கரையில் நெடுக மீனவர்கள், ஓரியூர் பக்கம் கிறிஸ்தவர்கள், உள்ளே விவசாயிகள், தேவேந்திரர், நாடார், யாதவர் எல்லோரும் போட்ட ஓட்டுத்தானே அது. அத்தனை பேர் பெயரிலும் ஒருத்தர் தொடை தட்டினால் எப்படி?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகப் போய்விடும். அந்த மாதிரிப் பேச்சை இதைவிட மோசமாகப் பேசிவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆளுங்கட்சிக்கு அனுசரணையாக இருந்திருந்தால் அந்த விடியற்காலைக் கதவுத் தட்டல் வந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

வெளியே வந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு சுவாரஸ்யம். சபாநாயகரையே நீக்க வேண்டும் என்று சட்டசபைச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள், தனி ஆள் எப்படிச் சபாநாயகரை நீக்க முடியும் என்று. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. 2016ல் அருணாசலப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம், தன்னை நீக்கக் கோரும் நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது சபாநாயகர் யாரையும் தகுதி நீக்கம் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தது. அப்படியென்றால் அந்தக் காகிதம் வாள் இல்லை, கேடயம். இதே வழியில்தான் 2019ல் பக்கத்துத் தொகுதி அறந்தாங்கி ரத்தினசபாபதி உட்பட மூன்று பேருக்கு சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பியபோது திமுக தரப்பு நீக்கல் தீர்மானம் கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் அந்த நோட்டீஸுக்குத் தடை போட்டது. லொடுக்குப் பாண்டி என்று நாம் சிரித்துக்கொண்டிருந்த ஆளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, நல்ல விவரமான ஆள்.

ஏர்போர்ட்டில் தோட்டாவோடு பிடிபட்டாரே?
*- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருவாடானை*

அது பதவியெல்லாம் போன பிறகு, 2024 ஜூனில். சென்னை விமான நிலையத்தில் பையில் 40 தோட்டா. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்றார், காகிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் பையில் குடையை மறப்பேன். அவரவர் வசதி.

சண்டை, ஜெயில் எல்லாம் இருக்கட்டும். உப்பூர் விஷயத்தில் யார் எங்களுக்கு நின்றார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.
*- மோர்ப்பண்ணையிலிருந்து ஒரு சகோதரி*

இந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வந்ததிலேயே சரியான கேள்வி இதுதான்.

தெரியாதவர்களுக்கு: உப்பூரில் மின்வாரியம் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட ஆரம்பித்தது, 800 மெகாவாட் வீதம் இரண்டு. கடலுக்குள்ளே தண்ணீர் எடுக்க, சுடுதண்ணீர் விட, பாலம், குழாய். அந்த இடம் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கடல், நண்டும் இறாலும் வளர்கிற தொட்டில் மாதிரி. மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி நாட்டுப்படகுக்காரர்களுக்கு அதுதான் வயல். நிலத்துப் பக்கம் விவசாயிகளுக்கு வேறு பயம், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அடைபடும் என்று. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெரிய கண்மாயைப் பற்றிப் பெருமை பேசுகிற ஊர்களில் வரத்துக்காலைத் தொட்டால் சும்மா இருப்பார்களா? கடலிலும் கரையிலும் போராட்டம் நடந்தது.

எது அதை நிறுத்தியது? 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. வழக்கு போட்டது ஊர்க்காரர்கள். ஐந்து வருட சட்டசபை முடிகிற நேரத்தில், தேர்தல் அறிவித்த பிறகு, அந்தச் சட்டசபையால் இல்லாமல் தீர்ப்பாயத்தால் நின்றது. அதற்குப் பிறகு வந்த அரசு அந்தத் திட்டத்தை உடன்குடிப் பக்கம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னது.

நான் ஒருவரை மட்டும் குறை சொல்லவில்லை சகோதரி. 2016ல் ஜெயித்த நம் மாவட்டத்து நாலு பேரையும் பாருங்கள். திருவாடானை, வழக்கும் ஜெயிலும். பரமக்குடி, தகுதி நீக்கம். ராமநாதபுரம் மணிகண்டன் தகவல் தொழில்நுட்ப அமைச்சராகவே இருந்தார், 2019 ஆகஸ்டில் அரசு கேபிள் விஷயத்தில் சக அமைச்சரைப் பற்றிப் பேசி முதல்வரால் நீக்கப்பட்டார். முதுகுளத்தூர் மலேசியா பாண்டியன் காங்கிரஸ், எதிர்க்கட்சி. 2021ல் நாலு இடமும் திமுக கூட்டணிக்குப் போயிற்று. அந்த ஐந்து வருடம் இந்தக் கடற்கரைக்குச் சென்னையில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒருவர் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், ஒருவருக்கு நாற்காலியே இல்லை.

எம்எல்ஏ நிதி என்று கோடிக்கணக்கில் வருகிறதாமே, எங்கே போகிறது?
*- காரங்காடு வாசகர்*

பணம் எம்எல்ஏ கைக்கு வராது, முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எழுதிக் கொடுப்பார், ஆட்சியர் அலுவலகத்தில் ஊரக வளர்ச்சி முகமை பார்க்கும், டெண்டர் போகும். வருடம் 2 கோடியாக இருந்தது அந்தச் சட்டசபைக் காலத்தில்தான் 3 கோடி வரை ஏறியது. தொகுதியில் எத்தனை ஊர், வகுத்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு நிழற்குடை, ஒரு ஹைமாஸ் விளக்கு, ஒரு நாடக மேடை, முடிந்தது.

நிழற்குடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு ஊரில் பஸ்ஸுக்கு நின்றேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நிழற்குடைக்குள் பஸ்ஸுக்கு யாரும் இல்லை. நாலு பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்து, நூலை மற்றக் கையால் ஒரு சுற்று சுற்றி இழுக்க, நண்டு கால் உடையாமல் கழன்று வருகிறது. கால் போனால் விலை போய்விடும். தரை முழுக்க உப்புத் தண்ணீர். மேலே கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி துரு பிடித்துத் தொங்குகிறது. முகப்பில் தொகுதி மேம்பாட்டு நிதி என்பது தெரிகிறது, தொகை பாதி தெரிகிறது, பெயர் இருந்த இடத்தை உப்புக் காற்று சுத்தமாக உரித்துவிட்டது. "ஆத்தா, இது யார் கட்டினது?" என்று கேட்டேன். "எவனோ கட்டுனான், மழைக்கு ஒழுகுது, வெயிலுக்குத் தேவலை" என்று சொல்லிவிட்டு அடுத்த நண்டை எடுத்தாள்.

ஒரு தடவை இருந்தால்கூடப் பென்ஷன் உண்டா?
*- தொண்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்*

உண்டு ஐயா. 2017 ஜூலையில் எம்எல்ஏ சம்பளத்தை மாதம் 55,000லிருந்து 1,05,000 ஆக்கியபோது, முன்னாள் எம்எல்ஏ பென்ஷனையும் 12,000லிருந்து 20,000 ஆக்கினார்கள்.  உங்கள் பழைய பென்ஷன் திட்டத்துக்கு நீங்கள் எத்தனை மறியல் செய்தீர்கள் என்று கேட்டு உங்களை நோகடிக்க மாட்டேன்.

நம் ஊரில் ஏன் சினிமாக்காரர்களுக்கு இவ்வளவு மவுசு? 2009ல் ரித்தீஷ் எம்பி, 2016ல் கருணாஸ்.
*- எஸ்.பி. பட்டினம் வாசகி*

மவுசு நமக்கா, அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிற கட்சிகளுக்கா? ரித்தீஷுக்கும் ஒரே தவணைதான், 2014ல் முடிந்தது, 2019 ஏப்ரலில் மனிதரே போய்விட்டார், சின்ன வயசு. பாவம்.

கடைசியாகக் கேட்கிறேன், கருணாஸ் திரும்ப வந்து நின்றால் ஓட்டுப் போடுவீர்களா?
*- அதே தொண்டி வாசகர்*

விட மாட்டீர்கள் போலிருக்கிறது. 2021 தேர்தலுக்கு முன்னால் அவர் அதிமுக கூட்டணியை விட்டு வெளியே வந்தார். மதுரை விமான நிலையத்துக்கு முத்துராமலிங்கத் தேவர் பெயர் வைக்க வேண்டும் என்பது மாதிரிக் கோரிக்கைகளை வைத்திருந்தார். திமுகவுக்கு ஆதரவு என்றார், அப்புறம் அதையும் வாபஸ் வாங்கினார். திருவாடானை காங்கிரஸுக்குப் போய், கே.ஆர். ராமசாமி மகன் கருமாணிக்கம் ஜெயித்தார். வீட்டுச் சாவி வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

அவர் வந்தால் நான் ஒரு கேள்விதான் கேட்பேன், அதற்குப் பதில் பார்த்து ஓட்டு: இந்தத் தடவை வல்லம் யாருடையது?